அரிதாரமும் இசைத்தட்டும்

கலையைத் தலைமேல் வைத்துக் கலைஞனைக் காலடியில் வைக்கும் வழக்கம் நம்மவரிடையே நெடுநாளாக நிலவி வருகின்றது. பாட்டைக் கேட்டுக் கண்ணீர் உகுப்போம். பாடியவனுக்குப் பெண் கொடுக்க மறுப்போம். வேடத்தைக் கண்டு கைகூப்புவோம். வேடத்தைக் கலைத்துவிட்டு அவனே நம் வாயிலில் வந்து நின்றால், திண்ணையைக் காட்டுவோம். இவ்வழக்கத்தின் வரலாற்றையும், அதனை அசைத்த கருவிகளின் வரலாற்றையும், அசைத்தும் அஃது அடியோடு வீழாமற்போன காரணத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோழர்களே! பூச்சோங் நகரைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் அது பால்மரக் காடும் ஈயச் சுரங்கமுமாய் இருந்த ஊர். கின்ராரா, காசல்பீல்டு என்னும் தோட்டப் பெயர்கள் இன்று தமிழ்ப் பள்ளிகளின் பெயர்ப் பலகையில் நின்று பழமையைச் சொல்லுகின்றன. லயங்கள் இருந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. 2016-இல் இலகு ரயிலும் ஓடத் தொடங்கிற்று. அத்தகைய அடுக்குமாடிகளின் சிற்றறைகளில், முகத்தில் வண்ணம் பூசி, ஆடை அணி புனைந்து, கைப்பேசியின் கண்முன் நின்று பாடும் இளைஞர் இன்று ஊருக்கு ஊர் உளர். 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து மேடைகளெல்லாம் இருண்டபோது, இசைவாணர் பலர்க்கு அக்கைப்பேசியே மேடையாயிற்று. பாட்டு இணையத்தின் வழியே கடல் கடந்து செல்கின்றது. எங்கோ இருப்போர் பாராட்டுகின்றனர். அடுத்த அறையில் இருக்கும் பெரியவரோ, "இதென்ன கூத்தாடிப் பிழைப்பு!" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளுகின்றார்.

அவர் வாயில் வந்த அச்சொல் புதியதன்று. அது நூறாண்டுப் பழமை உடையது. அதன் வேரைத் தோண்டிப் பார்ப்போம்.

கூத்தாடி என்னும் சொல்

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் நாடகம் பெரும்பாலும் இசை நாடகமாகவே இருந்தது. அதற்கு ஒழுங்கும் உருவமும் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி முதலிய கதைகளைப் பாட்டும் உரையுமாக யாத்து, நடிகர்க்குப் பாடம் சொல்லி, மேடையேற்றியவர் அவரே. 1918-இல் அவரை ஆசிரியராகக் கொண்டு மதுரையில் எழுந்த பாலர் சபை, சிறுவர்களை மட்டுமே கொண்டது. ஏழைப் பெற்றோர் தம் மக்களை நாடகக் கம்பெனியில் சேர்த்துவிடுவர். கம்பெனி வீட்டிலேயே உணவும் உறக்கமும் பயிற்சியும் அடியும். மகரக்கட்டு உடைந்து குரல் கெட்டால், அச்சிறுவனின் எதிர்காலம் கேள்விக்குறியே.

அந்நாளைய மேடையில் ஒலிபெருக்கி இல்லை. கியாஸ் விளக்கின் வெளிச்சத்தில், ஆர்மோனியத்தின் துணையோடு, கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் உழவனுக்கும் கேட்கும்படி பாடியாக வேண்டும். நடிகன் நடிகனாக மட்டும் இருந்தாற் போதாது. முதலில் பாடகனாக இருத்தல் வேண்டும். பாட்டுச் சிறந்தால் அவையோர் 'ஒன்ஸ் மோர்' என்று கூவுவர். இறந்து கிடக்கும் கோவலனும் எழுந்து மீண்டும் பாடிவிட்டு இறக்க வேண்டியதுதான்! இவ்வாறு இரவு பத்து மணிக்குத் தொடங்கிய நாடகம் விடியற்காலையில் முடியும்.

வண்ணத் திரைகளும் ஆர்மோனியமும் கொண்ட இம்மேடை முறை பம்பாயின் பார்சி நாடகக் குழுக்களிடமிருந்து பரவியது. மலாய் மக்களின் பங்சாவான் நாடகமும் அதே மூலத்திலிருந்து பிறந்ததே. பினாங்கிற்கு வந்த பார்சிக் குழுக்களைக் கண்டு, 1885-இல் மாமாக் புஷி என்பார் அவ்வூரில் ஒரு பங்சாவான் குழுவை அமைத்தார். ஆகவே மதுரைத் தமிழனும் பினாங்கு மலாய்க்காரனும் ஒரே ஊற்றின் நீரைப் பருகியவர்கள். தமிழ் நாடகக் குழுக்களும் இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று கப்பலேறி வந்தன.

இத்துணைச் சிறப்பிருந்தும் நடிகனுக்குக் 'கூத்தாடி' என்பதே பட்டம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவினார். வழக்கறிஞரும் அரசாங்க அலுவலரும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் சேர்ந்து நடித்தனர். அவர்களும் அதே அரிதாரத்தைத்தான் பூசினர்; அவர்களுள்ளும் ஆடவர் பெண் வேடம் புனைந்தனர். ஆயினும் அவர்களை எவரும் கூத்தாடி என்று இகழவில்லை. ஏன்? அவர்கள் பொழுதுபோக்கிற்காக நடித்தவர்கள். மற்றவன் வயிற்றுக்காக நடித்தவன். எனவே இழிவு அரிதாரத்தில் இல்லை. கூலி வாங்கும் கையிலேதான் நம்மவர் அதனைக் கண்டனர். தோட்டத்தில் பால்வெட்டி நாட்கூலி வாங்கிய மக்களின் வழிவந்த நாம், இந்த அளவுகோலை எப்படி ஏற்கலாம்?

இரு குரல்கள்

இனி, அம்மேடை ஈன்ற இருவரின் வரலாற்றைக் காண்போம்.

செங்கோட்டையில் 1906-இல் பிறந்தவர் எஸ். ஜி. கிட்டப்பா. பார்ப்பனக் குடும்பத்தில் தோன்றியவராயினும், தமையன்மாரைப் பின்பற்றிப் பள்ளிப் பருவத்திலேயே நாடகம் புகுந்தார். கன்னையா கம்பெனியில் நடித்த நாளில் அவர் புகழ் ஓங்கிற்று. உச்ச தானத்தில் தடையின்றி உலவும் அவர் குரல், நாடகமே பார்க்காத சங்கீத வித்துவான்களையும் கொட்டகைக்கு இழுத்து வந்தது.

கொடுமுடியில் 1908-இல் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள். தந்தையை இழந்த ஏழைச் சிறுமி. ரயில் வண்டியில் பாடிய அவர் குரலைக் கேட்டே அவரை நாடக உலகிற்குக் கொணர்ந்தனர் என்று சொல்லுவர். சிறுவன் வேடத்தில் தொடங்கி, ராஜபார்ட், ஸ்திரீபார்ட் இரண்டிலும் அவர் தேர்ச்சி பெற்றார். ஆண் வேடத்தில் நின்று கணீரென்று பாடும் பெண்ணைக் கண்டு அவையோர் வியந்தனர்.

1926-இல் இலங்கையில் இவ்விருவரும் ஒரே மேடையில் தோன்றினர். வேலனும் வள்ளியுமாக அவர்கள் போட்டியிட்டுப் பாடிய நாடகங்கள் பெரும்புகழ் பெற்றன. மறு ஆண்டில் வாழ்விலும் இணைந்தனர். கிட்டப்பா முன்னரே மணமானவர்; இவ்வில்லறம் அமைதியாக நடக்கவில்லை. 1933 டிசம்பர் 2-ஆம் நாள், 27 வயதிலேயே, கிட்டப்பா மறைந்தார். 25 வயதுச் சுந்தராம்பாள் அன்று முதல் வெள்ளுடை தரித்தார். மேடையில் எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

27 வயதில் மாண்ட ஒரு நாடக நடிகனின் குரல் நமக்கு எட்டியது எங்ஙனம்? அவனைப் பார்த்தவர்கள் மறைந்தனர். அவன் பாடிய கொட்டகைகள் மறைந்தன. ஆயினும் அக்குரலை இன்றும் நாம் கேட்கலாம். அதற்குக் காரணம் ஒரு கருந்தட்டு.

மூன்று நிமிடப் பாட்டு

1902-இல் பிரெடரிக் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவிற்கு வந்து, கௌகர் ஜான் என்னும் பாடகியின் பாட்டைப் பதிந்தார். அக்காலத்தில் ஒலிவாங்கி இல்லை. பெரிய கொம்பு ஒன்றினுள் முகத்தை வைத்து உரக்கப் பாட வேண்டும். பாட்டு முடிந்தவுடன் கௌகர் ஜான் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். ஏன் தெரியுமா? பதிவு ஜெர்மனிக்குக் கப்பலில் சென்று, அங்கே தட்டாக வார்க்கப்பட்டது. மொழியறியாத அந்நிய நாட்டுத் தொழிலாளி, பாடியது யார் என்று அறிந்து பெயர் ஒட்டுவதற்காகவே அந்த ஏற்பாடு. இச்சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது பயன்படும்.

தென்னாட்டிலும் ஒலிப்பதிவாளர் வந்தபோது, பெரிய வித்துவான்கள் பலர் தயங்கினர். தம் சங்கீதம் கண்ட கண்ட கடைகளிலும் ஒலிக்குமே என்று சிலர் கவலையுற்றனர். துணிந்து முன்வந்தவர் பெரும்பாலும் தேவதாசிக் குலத்துப் பெண்மணிகளே. கோயம்புத்தூர்த் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோர் தட்டில் பாடினர். கோயம்புத்தூர்த் தாயியின் தட்டைக் கேட்ட மோரிஸ் தெலாஜ் என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளர், 1912-இல் இந்தியாவிற்கு வந்து அவர் பாட்டை நேரிற் கேட்டார் என்றால், அத்தட்டின் ஆற்றலை என்னென்பது! உள்ளூர்ச் சபைகள் ஒதுக்கிய குரலைப் பாரிஸ் நகரம் தேடிற்று.

தட்டு அரக்கினால் ஆயது. கீழே விழுந்தால் நொறுங்கிவிடும். நிமிடத்திற்கு 78 சுற்று. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். மேடையில் 'ஒன்ஸ் மோர்' பெற்று அரைமணி நேரம் விரிந்த பாட்டு, மூன்று நிமிடத்திற்குள் அடங்க வேண்டியதாயிற்று. ஆலாபனை சுருங்கிற்று, எடுத்த எடுப்பிலேயே கேட்போரைப் பிடித்திழுக்கும் உத்தி வளர்ந்தது. 1925-க்குப் பின் மின்சார ஒலிவாங்கி வந்து, குரலின் நுட்பங்களும் தட்டில் ஏறின. அந்நேரத்திலேதான் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் தட்டில் பாடினர். பதிவறையில் அரிதாரம் இல்லை, திரை இல்லை, கிரீடம் இல்லை. ஆயினும் அவர்களை மேடையில் கண்டவர்க்கு, ஊசி தட்டைத் தொட்டவுடன் வேலனும் வள்ளியும் கண்முன் நின்றனர்.

இன்று இணையத்தில் ஒரு நிமிடத் துணுக்கிற்குள் பாட்டைச் சுருக்கும் இளைஞனைக் கண்டு, "சங்கீதம் கெட்டது" என்பார்க்கு இவ்வரலாறே விடை. கருவிக்கேற்பக் கலை தன்னைச் சுருக்கியும் விரித்தும் கொள்ளுதல் இயல்பு. கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

வாயில் கடந்த குரல்

மலாயாத் தோட்டங்களில் கிராமபோன் பெட்டி வாங்க வல்லார் சிலரே. கிராணியார் வீட்டிலோ, கங்காணி வீட்டிலோ, கடைக்காரரிடமோ ஒரு பெட்டி இருக்கும். கலியாணம், திருவிழா என்றால் அது வெளியே வரும். ஒருவர் சாவி முடுக்க, மற்றொருவர் ஊசி மாற்ற, சுற்றிலும் மக்கள் குந்தியிருப்பர். விடியுமுன் பெரட்டுக்கு எழ வேண்டியவர்கள், நள்ளிரவு கடந்தும் கலைய மாட்டார்கள். ஊர் விட்டு ஊர் வந்து, திரும்பும் வழியறியாது நின்றவர்களுக்கு, அக்கருந்தட்டு தாய்நாட்டின் ஒரு துண்டு. 1946-இல் மலாயா வானொலி தமிழிலும் ஒலிபரப்பத் தொடங்கியபின், பெட்டி வாங்க இயலாதவர்க்கும் அக்குரல்கள் எட்டின.

இங்கே எண்ணிப் பார்க்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. கச்சேரி மண்டபத்திற்கு வாயில் உண்டு. வாயிலில் காவலன் உண்டு. கோயிலுக்கு வாயில் உண்டு. அங்கே சாதி காவல் நின்றது. ஆனால் தட்டுக்கு வாயில் இல்லை. கேட்பவன் யார், எக்குலம் என்று அது வினவவில்லை. பாடியவர் எக்குலம் என்றும் காதுக்குத் தெரியவில்லை. சீர்திருத்தக்காரர் மேடைதோறும் முழங்கியும் எளிதில் ஆகாத ஒரு காரியத்தை, ஓசையின்றி அந்த அரக்குத் தட்டு சிறிதளவு செய்துவிட்டது.

சிறிதளவே என்றேன். ஏனெனில், குரல் வாயில் கடந்தபோதும் குரலுக்கு உரியவர் கடக்கவில்லை. இதற்குச் சான்று எஸ். எஸ். விசுவநாததாஸ். 1886-இல் சிவகாசியில், மருத்துவர் குலம் என்று வழங்கும் நாவிதர் மரபிற் பிறந்தவர். முருகன் வேடத்தில் நின்று, புராணப் பாட்டின் நடுவே விடுதலைப் பாட்டைப் பாடிய வீரர். அதற்காகப் பன்முறை சிறை சென்றவர். வேடம் கலையாமலே கைதானதும் உண்டு. வெள்ளையன் அவர் பாட்டுக்கு அஞ்சினான். நம்மவரோ அவர் பிறப்புக்கு அஞ்சினர்! அவரோடு இணையாக நடிக்க மறுத்த நடிகையர் இருந்தனர். மறுக்காது உடன் நின்றவருள் ஒருவர், பின்னர் மதுரையில் உழைப்பாளர் தலைவியாக விளங்கிய கே. பி. ஜானகி அம்மாள். 1940 டிசம்பர் 31-ஆம் நாள் இரவு, சென்னையில் வள்ளி திருமண நாடகத்தில், மயில்மீது அமர்ந்து முருகனாகப் பாடிக்கொண்டிருந்தபோதே விசுவநாததாஸின் உயிர் பிரிந்தது. கடவுள் வேடத்தில் மாண்டவனை வணங்கிய அதே ஊர்தான், மனிதனாக வாழ்ந்தபோது அவன் குலத்தைக் கேட்டது.

புகழும் சோறும்

புகழ் வேறு, சோறு வேறு. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு நாடகக் கம்பெனி நடத்தியவர். அவர் நாடகம் காண வருவோர்க்காகத் தனி ரயில் ஓடிற்று என்று சொல்லுமளவு புகழ் பெற்றவர். அவருடைய இறுதிக் காலமோ வறுமையிற் கழிந்தது. தட்டில் பாடியவர்க்கும் பெரும்பாலும் ஒருமுறைத் தொகையே கிடைத்தது. தட்டு எத்துணை ஆயிரம் விற்றாலும் அதன்பின் இலாபம் விற்றவனுக்கே.

இந்நிலையில் தம் விலையைத் தாமே சொல்லத் துணிந்தவர் சுந்தராம்பாள். 1935-இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் நடிக்க அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அந்நாளில் நாடெங்கும் பேச்சாயிற்று. படத்தில் அவர் ஏற்றது நந்தன் வேடம். ஆண்டையின் அனுமதிக்குக் காத்து நிற்கும் பறையர் குலத்து உழவனின் வேடம். சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் அவரெதிரே வேதியராக நடித்தார். கைம்பெண்ணைக் கண்டால் சகுனம் பார்த்த நாட்டில், ஒரு கைம்பெண், ஆண் வேடத்தில், ஒதுக்கப்பட்டவனாக நின்று பாடினாள், நாடு கேட்டது. 1937-இல் தேர்தல் மேடைகளிற் பாடினார். 1951-இல் சென்னை மேலவையில் உறுப்பினரானார். 1970-இல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். ரயிலில் பாடிய சிறுமி சட்டமன்றம் புகுந்தாள் என்றால், அது இசைத்தட்டின் வெற்றி மட்டுமன்று. தலைகுனிய மறுத்த ஒரு பெண்ணின் வெற்றி. ஆனால் நாமோ அவ்வொருவரைக் காட்டி, வீழ்ந்த பலரை மறந்துவிடுகின்றோம்.

பெயரைக் கேளுங்கள்

நம் காலத்திற்கு வருவோம். 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' என்னும் பாட்டு இணையத்தில் வெளிவந்தது. தீ, அறிவு இருவரும் வண்ண உடையும் தலையணியும் புனைந்து பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் எழுந்த அப்பாட்டைக் கோடிக்கணக்கானோர் கண்டனர். அதன் உள்ளுறை யாது? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வு, நிலமற்றோரின் நினைவு. தோட்டத்துக் கிழவி ஒருத்தியின் பெயர் உலகெங்கும் ஒலித்தது. ஆயினும் அதே ஆண்டில், அப்பாட்டைக் குறித்த ஓர் இதழின் முகப்பில் அறிவின் உருவம் இடம்பெறவில்லை என்று கண்டனம் எழுந்தது. பாட்டின் வருவாய் தம்மை வந்தடையவில்லை என்று 2024-இல் இசையமைப்பாளரே பொதுவில் முறையிட்டார். வழக்கின் நியாயங்களைத் தீர்ப்பது நம் வேலையன்று. கருவி மாறியும் கேள்வி மாறவில்லை என்பதையே நாம் காண்கின்றோம்: பாடியது யார்? பயன் பெறுவது யார்?

இப்போது கௌகர் ஜானை நினையுங்கள். பாட்டு முடிந்தவுடன் தம் பெயரைத் தாமே சொன்ன அப்பெண்மணி, அறியாமலே ஒரு பெரும் பாடத்தைச் சொல்லிச் சென்றார். குரலைக் கருவி கொண்டுசெல்லும். பெயரை மனிதர்தாம் காக்க வேண்டும்.

ஆகவே, பூச்சோங்கிலும் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வாழும் தோழர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை வேடம் புனைந்து பாடினால், கூத்தாடி என்று சொல்லுமுன் அச்சொல்லின் பிறப்பை எண்ணுங்கள். அது கூலிக்காரனை இகழப் பிறந்த சொல். கோயில் திருவிழாவிற்கும் கலியாணத்திற்கும் அப்பிள்ளையை அழைத்தால், "நம்ம பையன்தானே" என்று வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். பேசிய தொகையைப் பேசிய நாளில் கொடுங்கள். நிறுவனம் ஏதேனும் ஒப்பந்தத்தை நீட்டினால், படித்தறிந்து கையெழுத்திடப் படித்தவர்கள் துணை செய்யுங்கள். பாட்டைப் பிறர்க்கு அனுப்பும்போது பாடியவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் சேர்த்தே அனுப்புங்கள். இவை பெரிய தியாகங்கள் அல்ல. ஒரு நிமிட வேலை.

நம் பாட்டன்மார் கிராணியார் வீட்டு வாயிலில் குந்தியிருந்து கேட்டனர். பாட்டு நின்றதும், தட்டின் நடுவில் ஒட்டியிருந்த பெயரைப் படிக்கச் சொல்லி எழுத்தறிந்தவரைக் கேட்டிருப்பர். எழுத்தறியாத அவர்கள் கேட்ட அக்கேள்வியை, எழுத்தறிந்த நாமும் கேட்போம்.